யானைமலையின் உயரமும் ஒரு விருது விண்ணப்பமும்

ஒத்தக்கடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு,

நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய விண்ணப்ப வரைவையும் நான்கு நிமிடக் காணொளியையும் மூன்று முறை பார்த்துவிட்டேன். அலுவலக வேலைக்கு நடுவே இரண்டு இரவு கண்விழித்து நீ இதைச் செய்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ சமாதானம் சொல்வாய், நானும் பாதியில் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் விண்ணப்பிப்பது செப்டம்பர் 5ஆம் நாள் நம் மாநில அரசு வழங்கும் நல்லாசிரியர் விருதுக்கு அன்று. அப்படி நினைத்துக்கொண்டு உன் பெரியம்மா வெள்ளிப் பதக்கத்தைப் பற்றி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். இது, பாடம் நடத்துவதில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒன்றிய அரசு 2010இல் ஏற்படுத்திய தேசிய விருது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் உள்ள மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் இதை நடத்துகிறது. ஆசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அளவில் தேர்வானவை தேசிய நடுவர்களிடம் செல்லும். அந்த நடுவர்கள் பள்ளிக்கு வந்து பார்க்கப் போவதில்லை. நாம் எழுதி அனுப்புவதுதான் அவர்களுக்கு என் வகுப்பறை. அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

'கிராமப்புறப் பள்ளியில் எண்ணிமப் புரட்சி' என்று நீ தொடங்கியிருக்கிறாய். எந்தப் புரட்சியையும் நான் பார்க்கவில்லை, தம்பி. அதற்குக் கீழே நான் பயன்படுத்தும் செயலிகள் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது: தீக்ஷா, மணற்கேணி, கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் குழு, எமிஸ். எமிஸ் என்பது பள்ளி விவரங்களைப் பதியும் துறைத் தளம்; அதில் வருகை பதிவது அலுவலக வேலை. அதனால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கணக்குகூடப் புரிந்துவிடாது. மற்றவை நல்லவைதாம். ஆனால் 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு அச்சாகியிருக்கிறது, கணக்குப் புத்தகத்தில், வரைந்த உருவத்தை இழுத்து மாற்றிப் பார்க்கும் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவின் செயல்பாடுகளும் இருக்கின்றன. எல்லோர் கையிலும் இருக்கும் புத்தகத்தைத் திறந்தேன் என்பதைச் சாதனையாக எழுதினால், படிக்கிறவர் சிரிக்க மாட்டாரா?

நீ வெட்டி எறிந்த பகுதிதான் என் விண்ணப்பமே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யானைமலையை அளந்த கதையைச் சொல்கிறேன். 'தவறான விடை வந்ததை ஏன் காட்ட வேண்டும், அம்மா?' என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தாய். ஏன் என்று விளக்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

முக்கோணவியலில் ஏற்றக்கோணம், அதாவது உச்சியை நோக்கும் பார்வைக்கோடு கிடைமட்டத்தோடு உண்டாக்கும் கோணம், நடத்தும்போது, புத்தகத்தில் இருக்கும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் விட்டுவிட்டு, வகுப்புச் சன்னலில் தெரியும் மலையையே எடுத்துக்கொண்டோம். பாகைமானி, குளிர்பானம் உறிஞ்சும் குழாய், ஒரு நூல், நூல்முனையில் ஒரு நட்டு: கருவி அவ்வளவுதான். நரசிங்கம் பக்கத்துத் தரிசு நிலத்தில், மலையை நோக்கிய ஒரே நேர்கோட்டில், 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களைக் குறித்து, அங்கிருந்து, யானை போலத் தெரியும் அந்த மலையின் மத்தகத்தை, அதாவது தலை உச்சியை, பார்த்துக் கோணம் எடுத்தோம். அருகிலிருந்த இடத்தில் இரண்டு குழுக்களுக்குமே 18 பாகை கிடைத்தது. தள்ளியிருந்த இடத்தில் ஒரு குழு 15 பாகை என்றது, இன்னொரு குழு 14 என்றது. வகுப்புக்குத் திரும்பி, கண் உயரத்தைச் சேர்க்காமல் கணக்கிட்டபோது முதல் குழுவுக்கு மலை 92 மீட்டராகவும் இரண்டாம் குழுவுக்கு 64 மீட்டராகவும் வந்தது. ஒரே ஒரு பாகை வேறுபாட்டில் 28 மீட்டர் மலை காணாமல் போய்விட்டது! பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. யார் கூட்டலில் பிழை என்று நோட்டை மாற்றி மாற்றித் திருத்திப் பார்த்தார்கள்; இருவர் கணக்கிலும் பிழை இல்லை.

அடுத்த நாள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஜியோஜீப்ராவில் அந்தப் படத்தை வரைந்தோம். தள்ளியிருந்த இடத்துக் கோணத்துக்கு, இழுத்தால் அளவு மாறும் ஒரு ஸ்லைடர், இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு இன்னொரு ஸ்லைடர். கோணத்தைக் கால் பாகை நகர்த்தினாலும் மலை ஏறி இறங்குவதைத் திரையில் பார்த்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. அப்போது, ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண் எழுந்து, 'ரெண்டு எடத்தையும் இன்னும் தள்ளித் தள்ளி வச்சா தப்பு கொறையுமா டீச்சர்?' என்று கேட்டாள். தூரத்தை 200 மீட்டராக்கினோம். மலை 92 மீட்டர் என்றே வைத்துக்கொண்டால், தள்ளியிருக்கும் இடத்தில் கோணம் ஏறத்தாழ 10.8 பாகை. அதில் ஒரு பாகை குறைத்து அளந்தால் உயரம் 74 மீட்டராகிறது. 28 மீட்டர்ப் பிழை 18 ஆகக் குறைந்துவிட்டது. அவள் கேட்டது சரி.

கரும்பலகையில் இதை நான் செய்திருக்க முடியாதா என்றால், முடியும். ஒவ்வொரு கோணத்துக்கும் அட்டவணை பார்த்துக் கணக்கிட்டு முடிப்பதற்குள் மணி அடித்திருக்கும், அந்தக் கேள்வியும் பிறந்திருக்காது. தொழில்நுட்பத்தை நான் எதற்காகப் பயன்படுத்தினேன் என்று நடுவர்கள் கேட்டால், என்னிடம் இருக்கும் நேர்மையான விடை இது ஒன்றுதான். நீ எழுதியபடி 'மாணவர்கள் யானைமலையின் உயரத்தைத் துல்லியமாகக் கண்டறிந்தனர்' என்று அனுப்பினால் அது பொய். அதோடு அந்தப் பெண்ணின் கேள்விக்கும் விண்ணப்பத்தில் இடமில்லாமல் போய்விடும்.

காணொளியில் பின்னணி இசையை எடுத்துவிடு. 92க்கும் 64க்கும் நடந்த சண்டை என் கைப்பேசிப் பதிவில் இருக்கிறது. ஒலி சுமார்தான், மின்விசிறிச் சத்தம் வேறு கேட்கிறது. இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளின் முகங்களை மறைத்துவிடு, பெயர்களை எங்கும் எழுதாதே. எல்லோரும் 18 வயது நிரம்பாதவர்கள். அத்தகையவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், சண்டை போட்ட முகத்தை ஊர் பார்ப்பதை எந்தப் பிள்ளை விரும்பும்? கைகளும் நோட்டும் திரையும் தெரிந்தால் போதும். ஸ்லைடர் கோப்பை, மற்றவர்களும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் வைத்து, அந்த முகவரியை விண்ணப்பத்தில் சேர்த்துவிடு. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் ஓர் ஆசிரியர் தம் ஊர் மலைக்கு அதை மாற்றிக்கொள்ளட்டும்.

மின்சாரம் போனதால் முதல் நாள் ஆய்வகப் பாடம் நின்றதையும் ஒரு வரியில் எழுதிவிடு. அன்று பிள்ளைகள் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த படம்தான் மறுநாள் திரைக்குப் போனது.

இன்னொன்று. 'தொழில்நுட்பத்தில் உங்கள் தொடக்கம்' என்ற இடத்தில் நீ ஏதோ பயிற்சி முகாமைப் போட்டிருக்கிறாய். அதை அடித்துவிடு. 2012இல் நீ பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கி வந்த அரசின் விலையில்லா மடிக்கணினியில், நீ தூங்கிய பிறகு, ஜியோஜீப்ராவைத் திறந்து ஒரு முக்கோணத்தை விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்தேன். என் தொடக்கம் அதுதான், அதையே எழுது. அந்த மடிக்கணினி இன்னும் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. சார்ஜர் மட்டும் போய்விட்டது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருப்பதால், அடுத்த சனிக்கிழமை நீ வரும்போது அதற்குப் பொருந்தும் சார்ஜர் ஒன்று கிடைத்தால் வாங்கி வா; என் முதல் கோப்பு அதற்குள்தான் கிடக்கிறது.

உன் அம்மா