பவளத் தொட்டியில் தாமிர மருந்து: இழப்பீடு கோரி ஒரு புகார்

பெறுநர்
கிளை மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: உங்கள் ஊழியர் ஊற்றிய மருந்தால் ரீஃப் தொட்டியில் பவளங்களும் இறாலும் நத்தைகளும் இறந்தது தொடர்பாக

ஐயா,

வணக்கம். மடிப்பாக்கத்தில் உள்ள என் வீட்டில் உங்கள் நிறுவனம் போன ஆண்டு ஒரு சிறிய ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) அமைத்துக் கொடுத்தது. 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டி), கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பக்கத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். இதற்கு 1,10,000 ரூபாயும், ஆண்டுப் பராமரிப்புக்கு 18,000 ரூபாயும் செலுத்தியிருக்கிறேன். ரசீது நகல்களை இணைத்துள்ளேன்.

ஆகஸ்ட் மாத சர்வீஸுக்கு வந்த உங்கள் ஊழியர், கிளவுன் மீன்களின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தார். பையிலிருந்து நீல நிற மருந்து ஒன்றை எடுத்தார். "பவளத்துக்கு ஒண்ணும் ஆகாதா தம்பி?" என்று கேட்டேன். "எல்லா டேங்குக்கும் இதுதான் சார் போடுறோம்" என்று சொல்லி, மூடியால் அளந்து நேராகத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டுப் போனார். பாட்டிலையும் இங்கேயே வைத்துவிட்டார். அது காப்பர் சல்ஃபேட், அதாவது தாமிர மருந்து. பவளம், இறால், நத்தை உள்ள தொட்டிகளில் பயன்படுத்தக் கூடாது என்று அதன் லேபிளிலேயே அச்சடித்திருக்கிறது.

அன்று இரவே க்ளீனர் இறால் கல் இடுக்கிலிருந்து வெளியே வந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. பூப்போல விரியும் ஜோயாந்தஸ் பவளம் மூடியது மூடியதுதான், திரும்ப விரியவே இல்லை. லெதர் பவளம் சுருங்கி, தோல் கரைந்து உரிய ஆரம்பித்தது. செத்தவை அழுகியதில் அம்மோனியா ஏறிவிட்டது. இருக்கிற உப்புத் தண்ணீரையெல்லாம் மாற்றினேன், நஞ்சை உறிஞ்சும் கார்பன் போட்டேன். இரண்டு கிளவுன் மீன்கள் மட்டும்தான் மிஞ்சின.

தாமிரம் மீனுக்கு மருந்து, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. கடல் தொட்டி வைப்பவர்களுக்கு இது பாலபாடம். வெள்ளைப் புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி கொஞ்ச நாள் மீன் மேல் இருந்துவிட்டு உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டிப் பெருகி, மறுபடியும் மீனைத் தேடி வரும். அதனால்தான் மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுப்பார்கள். பவளத் தொட்டியை 2 மாதத்துக்கு மேல் மீனில்லாமல் விட்டுவிட்டால், மீன் கிடைக்காத ஒட்டுண்ணி தானாகவே அழிந்துபோகும். இதற்குத் தேவை ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர். உங்கள் கடையிலேயே இவை எல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அதுவரை நன்னீர் தொட்டிகள் மட்டும்தான் பார்த்துவந்ததாக அவரே சொன்னார். பயிற்சி கொடுக்காமல் அவரை ரீஃப் தொட்டிக்கு அனுப்பியது நிறுவனம். அன்றைய சர்வீஸ் சீட்டில் உப்பின் அளவு 35, வெப்பம் 26 டிகிரி என்று எழுதியிருக்கிறது. ஊற்றிய மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போனில் பேசியபோது, உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்ற ஒப்பந்த விதியைப் படித்துக் காட்டினீர்கள். தானாக நோய் வந்து சாகும் உயிருக்கு அந்த விதி பொருந்தலாம். நிறுவனத்தின் ஆள், நிறுவனத்தின் மருந்தை, லேபிளில் உள்ள எச்சரிக்கைக்கு மாறாக ஊற்றியதால் செத்த உயிருக்கு அது எப்படிப் பொருந்தும்? இது சேவைக் குறைபாடு.

அப்புறம் நீங்கள் சொன்ன சமாதானம்தான் என்னை அதிகமாக வருத்தியது. பழைய கல்லை எடுத்துவிட்டு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் 'லைவ் ராக்'கும் (கடலிலிருந்து எடுக்கும், உயிர்கள் ஒட்டிய கல்), கூடவே இரண்டு துண்டு கல் பவளமும் இலவசமாகத் தருவதாகச் சொன்னீர்கள். எனக்கு அவை வேண்டாம். பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாவற்றையும் அரசு 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளப்பாறையை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். இது தெரிந்துதான், தொட்டி அமைக்கும்போதே சிமென்ட்டும் சிப்பித் தூளும் சேர்த்துச் செய்த கல்தான் வேண்டும், மென்பவளங்கள் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். என் தொட்டிக்காக மன்னார் வளைகுடாவில் ஒரு கல்கூடப் பெயர்க்கப்படக் கூடாது. மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இப்படித்தான் கொடுக்கிறீர்கள் என்றால் அதை உடனே நிறுத்துங்கள்.

இப்போது தொட்டியில் உள்ள கல்லையும் மணலையும் மறுபடி பயன்படுத்த வழியில்லை. சுண்ணாம்புத் தன்மையுள்ள கல் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீரில் விடும். எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் புதிதாக விடும் இறாலுக்கு ஆபத்துதான். ஆகவே கல், மணல், சம்பில் உள்ள மீடியா (வடிகட்டும் பொருள்) ஆகியவற்றை முழுவதுமாக உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். கல் முன்பு போலவே செயற்கையாகச் செய்ததாக இருக்க வேண்டும். தொட்டியைக் கழுவி, தாமிர டெஸ்ட் கிட்டில் அளவு பூஜ்யம் என்று என் முன்னால் காட்டிய பிறகுதான் புதிய உப்புத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதன்பின் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும் காலம்) முடிய 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரப்படுத்தாமல் அதுவரை காத்திருந்து, இறந்த மென்பவளங்கள், இறால், நத்தைகளுக்கு ஈடாக அதே வகைகளைத் தர வேண்டும். இந்த வேலை நடக்கும் மாதங்களைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நீட்டித்துக் கொடுங்கள். இது முடியாது என்றால் ஒப்பந்தத்தின் மீதித் தொகையையும் இழப்பின் மதிப்பையும் பணமாகத் திருப்பித் தரலாம். கணக்கைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

என்ன முடிவானாலும், கடல் தொட்டி தெரிந்தவரை மட்டுமே இனி என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஊற்றுகிற ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் சர்வீஸ் சீட்டில் இருக்க வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மருந்து பாட்டில், சர்வீஸ் சீட்டு, தாமிர டெஸ்ட் முடிவின் படங்கள், தொட்டித் தண்ணீரின் மாதிரி எல்லாம் என்னிடம் உள்ளன.

கிளவுன் மீன்கள் இரண்டும் இப்போது 40 லிட்டர் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. அந்தச் சின்ன இடத்தில் அவற்றை அதிக காலம் வைத்திருக்க முடியாது. அதனால் வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்ற தேதியைப் பதிலிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த வாடிக்கையாளர்,
மடிப்பாக்கம், சென்னை