இடிந்த சுவரையும் காப்பாற்றலாம், கூரையும் போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐரோப்பாவின் பாழடைந்த கோட்டைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரையாளர் கடைசியில் சொன்ன கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டினால் பழைய தோற்றத்திலேயே முழுதாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும், புது மரமும் இரும்பும் கண்ணாடியும் அதற்குள் நுழைவது பழமைக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார். நான் டென்மார்க்கில் கட்டடப் பொறியாளனாக வேலை செய்கிறேன். இங்கே ஜட்லாந்துப் பகுதியில் கோல்டிங்ஹூஸ் என்றொரு கோட்டை இருக்கிறது. அவர் அதை ஒருமுறை நேரில் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

1268இல் எல்லைக் காவலுக்காக எழுந்த கோட்டை அது. 16ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் கிறிஸ்டியன் அதைத் தன் அரண்மனையாக மாற்றிக்கொண்டார். 1559 புத்தாண்டு நாளில் அங்கேயே காலமானார். அவருடைய பேரன் நான்காம் கிறிஸ்டியன் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் பெரிய கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் நான்கு வீரர்களின் கற்சிலைகளை நிறுத்தினார். 1808 மார்ச் இறுதியில், நெப்போலியனின் கூட்டாளிகளாக வந்திருந்த ஸ்பானியப் படைவீரர்கள் கோட்டையில் தங்கியிருந்தபோது, குளிருக்காக மூட்டிய தீ புகைபோக்கி வழியாகப் பரவி எல்லாவற்றையும் எரித்தது. கோபுரமும் சரிந்தது. 1813இல் டென்மார்க் அரசே திவாலாகிவிட்டது. அரண்மனையைத் திரும்பக் கட்டப் பணம் எங்கிருந்து வரும்? அந்த நான்கு சிலைகளில் இன்று மிஞ்சியிருப்பது ஹெர்குலிஸ் மட்டும்தான்.

1890இல் இடிபாட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைகள் திரும்பி வந்தன; கோபுரமும் பின்னர் எழுந்தது. ஆனாலும் கட்டடத்தின் ஒரு பெரும்பகுதி 1970கள் வரை வானம் பார்த்தே நின்றது. அந்தப் பகுதியைத்தான் இங்கர் எக்ஸ்னர், யோஹன்னஸ் எக்ஸ்னர் என்ற கட்டடக்கலைஞர் தம்பதி கையில் எடுத்தார்கள். வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எரிந்து, பிளந்து, ஒரு பக்கம் முற்றிலும் விழுந்துபோன செங்கல் சுவர்கள். அவற்றின் மேல் புதுக் கூரையின் பாரத்தை ஏற்றினால் தாங்குமா என்பது சந்தேகம். தாங்கவைக்க வேண்டுமென்றால் சுவரைக் குடைந்து கான்கிரீட்டும் கம்பியும் திணிக்க வேண்டும். அப்புறம் அது பழைய சுவர் என்று எப்படிச் சொல்வது? அதனால் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த உயரமான மரத்தூண்களை மண்டபத்துக்குள் தனியாக நிறுத்தினார்கள். அவை மேலே கிளைவிட்டுக் கூரையைத் தாங்குகின்றன. விழுந்துபோன வெளிச்சுவரின் இடத்தில் செங்கல் வைக்கவில்லை. ஓக் மரச் சில்லுகள் போர்த்திய இலகுவான சுவரைப் புதுக் கட்டமைப்பிலிருந்தே தொங்கவிட்டார்கள். பழைய சுவர் தன் எடையை மட்டும் சுமந்தால் போதும். தீயின் தழும்பும் உடைந்த ஓரமும் அப்படியே தெரிகின்றன. நாளைக்கு இதைவிட நல்ல வழி கிடைத்தால், புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைச் சேதமில்லாமல் மீட்கவும் முடியும். தொழில்முறையில் நான் மிக மதிக்கும் வேலைகளில் இது ஒன்று. 1993இல் இதற்கு, ஐரோப்பாவின் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கான அமைப்பான யூரோப்பா நோஸ்ட்ராவின் விருது கிடைத்தது நியாயமே.

"தொடாமல் விடுவோம்" என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூரையில்லாத சுவர் சும்மா நிற்பதில்லை. அது தினமும் அழிந்துகொண்டே இருக்கிறது. சுவரின் தலைப்பகுதி வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது, சுண்ணாம்பைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிகிறது, பின்பு உருகுகிறது, மறுபடியும் உறைகிறது. இந்த ஊர்க் குளிரில் ஒரே பருவத்தில் இது எத்தனையோ தடவை நடக்கும். விரிசலில் செடி முளைத்துவிட்டால் வேர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். விரிசலைச் சிமெண்டால் அடைத்துவிடுவது இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லே உதிர்ந்துவிடும்.

"பழையபடியே கட்டுவோம்" என்ற வாதமும் புதிதல்ல. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையை 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் நாசமாக்கின. 1764இல் இடி விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அதன் ஒரு கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டு, அடுத்து ஓட்டோ ஹைன்ரிஷ் கட்டடத்துக்கும் கூரை போட்டு முழுமையாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. கலை வரலாற்றாசிரியர் கியோர்க் டேஹியோ 1901இல் கடுமையாக எதிர்த்தார். மிச்சமிருப்பதைக் காப்பதே நம் வேலை, இல்லாததைக் கற்பனையில் உண்டாக்குவது அல்ல என்பது அவர் வாதம். ஓட்டோ ஹைன்ரிஷ் கட்டடத்தின் முகப்பு இன்றும் கூரையில்லாமல்தான் நிற்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிகளைச் சொல்லும் 1964இன் வெனிஸ் சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்தும், புதியது என்று தெரியும்படியும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சமூகத்துக்குப் பயன்படும்போதுதான் பழைய கட்டடம் எளிதாகப் பிழைக்கும் என்பதையும் அதே சாசனம் ஒப்புக்கொள்கிறது. செக் நாட்டின் ஹெல்ஃப்ஷ்டின் கோட்டையில், இடிந்த மறுமலர்ச்சிக் கால அரண்மனைக்குள் துருநிற எஃகும் கண்ணாடிக் கூரையும் வைத்து அண்மையில் செய்த வேலையும் இதே வழியில் வந்ததுதான்.

எந்தப் பயன்பாடும் சரி என்று நான் சொல்லவில்லை. ஐம்பது அறை விடுதி வேண்டுமென்று சுவரெல்லாம் குழாய்க்குத் துளையிட்டால் அது கொலை. கோல்டிங்ஹூஸில் கண்காட்சியும் கச்சேரியும் நடக்கின்றன. கட்டடம் எதைத் தாங்குமோ அதை மட்டும் அதனிடம் கேட்கிறார்கள். ஆட்கள் வந்துபோவதால் கூரையில் ஒழுக்கு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. கோபுரம் கட்டிய அதே நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியில்தான், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். அங்கே பனி இல்லை. உப்புக்காற்றும் கடல் அரிப்பும் இருக்கின்றன. கட்டுரையாளர் அடுத்து நம் கரையோரக் கோட்டைகளைப் பற்றி எழுதுவதாக இருந்தால், அவற்றின் அழகோடு சேர்த்து, பூச்சுக்குச் சுண்ணாம்பா சிமெண்டா, ஆண்டுதோறும் பராமரிப்புக்கு யார் பணம் தருகிறார்கள், ஊர் மக்கள் அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகன்,
வைலே, டென்மார்க்