‘ம்’ அந்தக் கணக்கில் இல்லை

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளா

அன்புள்ள கண்ணு,

அம்மா நேற்று வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதியிருந்தாள். நீ “ம்” என்று பதில் போட்டிருந்தாய். போன வாரமும் “ம்”தான். கோபமெல்லாம் இல்லை. பழைய பாடம் ஒன்று ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ஒரே எழுத்தில் பொருள் தரும் சொற்கள் 42 என்கிறது நன்னூல். எங்கள் தமிழய்யா அந்தச் சூத்திரத்தை ராகம் போட்டுச் சொல்ல வைப்பார். நெடில் 40, குறிலில் ‘நொ’, ‘து’ இரண்டும். நொ என்றால் வருந்து, து என்றால் உண். இந்த இரண்டையும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பூ, தீ, கை, வா, போ இல்லாமல் ஒரு நாளும் போவதில்லை.

எனக்குப் பிடித்தது ‘ஓ’. மதகில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் பலகைக்கு அப்படியொரு பெயர். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைக்கு எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து ஏது? பலகையைத் தூக்கியதும் வாய்க்கால் மேட்டில் நிற்கிறவர்கள் போடும் சத்தமும் ‘ஓ’தானே! (இது தமிழய்யா சொன்னதல்ல, என் சொந்தச் சரக்கு.)

ஒன்றாம் வகுப்பில் நீ அழுதுகொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? மலையாள டீச்சர் “ஈ புஸ்தகம் எடுக்கூ” என்றார். நீ புத்தகத்தின் மேல் ஈயைத் தேடியிருக்கிறாய். “டீச்சர் பொய் சொல்றாங்கப்பா, ஈயே இல்லை” என்று ஒரே தேம்பல். மலையாளத்தில் ‘ஈ’ என்றால் ‘இந்த’, பறக்கிறது ‘ஈச்ச’ என்று உனக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வறுத்த கடலைப் பொட்டலம் செலவானது.

நம் ‘ஈ’க்குக் கொடு என்றும் பொருள் உண்டு. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்து நிற்கிறவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். அப்பன் என்ற முறையில் நான் ‘கொடு’ என்றே கேட்கலாம். நீயும் சம்பாதிக்கிற ஆள் ஆகிவிட்டாய், அதனால் ‘தா’ என்று கேட்கிறேன். தைப்பொங்கலுக்கு நாலு நாள் தா.

டிக்கெட் எடுத்ததும் தேதியை அம்மாவுக்கு எழுது. ‘ம்’ மட்டும் போடாதே, அது 42-இல் இல்லை.

அன்புடன்,
அப்பா