நாணயச் சேகரிப்பாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் செயலவை ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றுள் இரண்டு, போதிய பேர் வராததால் தேநீரோடு கலைந்தன. கோலாலம்பூரில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குச் சென்று வந்தோம். பேருந்துக்குப் பெயர் கொடுத்த 30 பேரில் 17 பேர் வந்தார்கள். தீபாவளி ஒன்றுகூடல் வழக்கம்போல் நடந்தேறியது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, உறுப்பினர்களின் நாணயங்களை ஒன்றாகத் திரட்டி, தரச்சான்று பெற அமெரிக்காவுக்கு அனுப்பியதாகும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பழைய பிரிட்டிஷ் குடியேற்றமான ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸின் வெள்ளி டாலர்களில் போலிகள் சந்தையில் மலிந்துவிட்ட நிலையில், வாங்குபவர்கள் தரம் குறித்து மூடப்பட்ட ‘ஸ்லாப்’ என்ற பிளாஸ்டிக் பெட்டியில் இல்லாத டாலரை இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் தொடங்கிய இந்த முறையில், வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான தர அளவுகோலையே இன்றும் பின்பற்றுகிறார்கள்.

14 உறுப்பினர்களின் 43 நாணயங்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றை எடைபோட்டு, இருபுறமும் படமெடுத்து, படிவம் நிரப்பி முடிக்கும்வரை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் யாரும் சாப்பிடவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 1903ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராம் இருக்க வேண்டும். 1907இல் எடை குறைக்கப்பட்ட பிறகு 1909 வரை வந்தவை 20.21 கிராம். இந்த இரண்டு எண்களையும் புலனக் குழுவில் நான் மூன்று முறை எழுதியிருந்தேன். அப்படியிருந்தும், தராசில் வைத்ததுமே சந்தேகம் தந்த இரண்டு டாலர்களை, உரியவர்களின் வற்புறுத்தலுக்காகவே அனுப்ப நேர்ந்தது.

முடிவு வந்தபோது 29 நாணயங்கள் எண் தரம் பெற்றிருந்தன. அவற்றுள் 1943ஆம் ஆண்டுச் சதுர ஒரு காசு எம்எஸ் 65 (எம்எஸ் என்பது புழக்கத்தில் தேயாத நாணயத்துக்கான குறி) பெற்றது நம் சங்கத்துக்கே பெருமை. மூன்று, பெட்டியில் அடைக்கப்படாமலே திரும்பின: மேற்சொன்ன இரண்டு டாலர்களும் போலி, மூன்றாவது, மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் பல காலம் கிடந்து பச்சைப் பிசுக்குப் படிந்த நாணயம். மீதமுள்ள 11 நாணயங்கள் ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற குறிப்போடு, அதாவது உண்மையானவை, ஆனால் துலக்கப்பட்டவை என்ற தீர்ப்போடு, எண் தரமின்றி வந்தன.

இந்த 11 நாணயங்களுக்காகச் செயலாளர் கேட்ட வசவுகளைச் செயலவைக் குறிப்பில் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர், தம் தாத்தா விட்டுச் சென்ற 1904ஆம் ஆண்டு டாலரைக் கொடுத்திருந்தார். அது கையில் கண்ணாடிபோல் மின்னியது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோதுதான், ஏழாம் எட்வர்டின் கழுத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் மயிரிழை மயிரிழையாக ஒரே திசையில் கீறல்கள் ஓடுவது தெரிந்தது. நாணயத்தைத் திருப்பத் திருப்பச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் சுழல வேண்டிய ஒளி, அசையாமல் நின்றது. விசாரித்ததில், ஆண்டுதோறும் பூசைக்கு முன் புளியால் கழுவி, விபூதி போட்டுத் துணியால் தேய்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம் என்று தெரியவந்தது. குத்துவிளக்குக்குச் செய்வதை அந்தக் குடும்பம் பக்தியோடு டாலருக்கும் செய்திருக்கிறது. அதை நான் குறை கூறவில்லை. அனுப்பும் முன்பே அந்த மூத்த உறுப்பினரிடம் முடிவு இப்படித்தான் வரும் என்று சொன்னேன் என்பதையும், அவர் அதை மறந்துவிட்டார் என்பதையும் மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பெட்டியை உடைத்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கும் யோசனையைச் சிலர் முன்வைத்தார்கள். அது அவரவர் சொந்தப் பொறுப்பு.

பெட்டியில் அடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்லாப் முற்றிலும் காற்றுப் புகாதது அன்று. பினாங்கின் ஈரக் காற்றில் வெள்ளி உள்ளிருந்தபடியே கறுக்கக்கூடும். சிலிக்கா ஜெல் பையோடு வைக்கவும். ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டாம். ரப்பரில் கந்தகம் உண்டு.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நிலைமை பொதுவில் திருப்திகரமானது. கூரியர் கட்டணத்தில் ஏற்பட்ட சிறு வித்தியாசம் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. ரசீதுகள் என்னிடம் பத்திரமாக உள்ளன.

சந்தா விஷயத்தில் அதே திருப்தியைத் தெரிவிக்க இயலவில்லை. பெயர்ப் பட்டியலில் உள்ள 62 பேரில் 38 பேரே செலுத்தியிருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா 30 ரிங்கிட். ஒரே ஒரு நாணயத்துக்குத் தரச்சான்று பெறும் செலவு அதைவிட அதிகம். நாணயம் கொடுத்த 14 பேரில் ஐவர் இரண்டு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தாதவர்கள் என்பதும், முடிவு எப்போது வரும் என்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தவர்கள் பெரும்பாலும் அந்த ஐவரே என்பதும் கவனிக்கத்தக்கது.

மண்டபம் தந்து உதவிய ஆலய நிர்வாகத்தினருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பதே முறை என்று கருதுகிறேன். எனினும், அடுத்த அனுப்புகைக்கான படிவங்களும் முகவருடனான கடிதப் போக்குவரத்தும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் என்னிடமே இருப்பதால், இடையில் கைமாறினால் தாமதம் நேரலாம். பொதுக்கூட்டம் என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுகிறேன். அடுத்த அனுப்புகைக்குச் சந்தா நிலுவை இல்லாதவர்களின் நாணயங்கள் மட்டுமே ஏற்கப்படும். வாசலில் உள்ள மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் காத்திருக்கிறார். நாணயங்களை இருக்கிறபடியே, தேய்க்காமல் கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்