விளக்கை அணையுங்கள், விசிறியை அணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்குள் கூடாரம் போட்டுச் செடி வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். விளக்கைப் பற்றி முக்கால் பக்கம் இருந்தது. உரத்தைப் பற்றி அதற்குச் சற்றுக் குறைவு. காற்றைப் பற்றி மொத்தமே இரண்டு வரி. அதிலும் இரண்டாவது வரி, விளக்கையும் ஃபேனையும் ஒரே டைமரில் இணைத்துவிட்டால் ராத்திரி இரண்டும் சேர்ந்து அணைந்து மின்சாரம் மிச்சமாகும் என்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 31 வருடம் ஏ.சி., காற்றோட்டக் குழாய் வேலை பார்த்தவன். டக்ட் இழுப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது, ஒரு கட்டடத்தில் எந்த மூலையில் காற்று தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது, இதுதான் என் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒரு க்ரோ டென்ட் வாங்கினோம். நீளம் 120, அகலம் 120, உயரம் 200 சென்டிமீட்டர். உள்ளே பளபளக்கும் மைலார் சுவர், 240 வாட் எல்.இ.டி. விளக்கு, தொட்டியில் நாலு தக்காளி, இரண்டு குடைமிளகாய், கீழே ஒரு தட்டு நாற்று. எக்ஸாஸ்ட் ஃபேனை என் கையாலேயே மாட்டினேன். விளக்கோடு சேர்த்து ஒரே டைமரில் கொடுத்தேன். உங்கள் கட்டுரை சொன்ன அதே ஏற்பாடு.

ஒன்பதாம் நாள் காலையில் ஜிப்பைத் திறந்தால் நாற்றுத் தட்டின் ஒரு மூலை முழுவதும் படுத்துக் கிடந்தது. தண்ணீர் போதாத நாற்று தலையைத் தொங்கப்போடும், தண்டு நிற்கும். இவை அடியோடு சாய்ந்திருந்தன. ஒன்றை விரல் நுனியால் நிமிர்த்திப் பார்த்தேன். மேலே இரண்டு வித்திலையும் நல்ல பச்சையாகத்தான் இருந்தன. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு நூல் மாதிரி இற்றுப்போய், பழுப்பேறி, நனைந்த காகிதம்போல நைந்திருந்தது. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகளின் வேலை. விதைத்து முளைத்த 40 நாற்றில் நாலே நாளில் 26 போய்விட்டது.

தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஊற்றுவதைக் குறைத்தேன். நிற்கவில்லை. விடை மனைவியிடமிருந்து வந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்தவள் என்ன தோன்றியதோ, விளக்கு எரியத் தொடங்குவதற்குள் கூடாரத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். “என்னங்க, இங்க வந்து கை வெச்சுப் பாருங்க. சுவர் பூரா வேர்த்திருக்கு” என்று கூப்பிட்டாள். போய்த் தொட்டேன். உள்ளங்கை நனைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது தக்காளி இலைகளின் விளிம்பில் பொடிப்பொடியாக நீர் கோத்து நின்றது. பகலில் நான் பார்க்கும்போதெல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்த கூடாரம், ராத்திரி எட்டு மணி நேரமும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

காரணம் எளிமையான கணக்கு. என் தொழிலில் தினமும் போட்ட கணக்கு, அதைச் செடிக்குப் போட்டுப் பார்க்கத் தவறிவிட்டேன். 28 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் தாங்கும். பகலில் விளக்குச் சூட்டில் 28 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றில் 16 கிராம் நீராவி இருக்கிறது. விளக்கு அணைந்து கூடாரம் 20 டிகிரிக்கு இறங்கினால் அதே 16 கிராம் கிட்டத்தட்ட 94 சதவீதம் ஆகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் புதிதாகச் சேர வேண்டாம். இதற்கு மேல் தொட்டி மண் ராத்திரியும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. சுவரும் இலையும் காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்தால் போதும், அங்கே பனி கோத்துவிடும். பொட்ரைட்டிஸ் பூசணத்தின் வித்து முளைப்பதற்கு இலைமேல் சில மணி நேரம் நிற்கிற இந்த ஈரம்தான் வேண்டும். ஆக, ஃபேன் அதிகமாகத் தேவைப்படுகிற நேரத்தில் நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன்.

மின்சார மிச்சத்தையும் பார்த்துவிடலாம். 240 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 3.84 யூனிட். எக்ஸாஸ்ட் ஃபேனும் இரண்டு சின்னக் கிளிப் ஃபேனும் சேர்ந்து 50 வாட் இழுத்தாலும், ராத்திரி 8 மணி நேரத்துக்கு ஆவது 0.4 யூனிட். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நாங்கள் 26 நாற்றைக் குப்பையில் போட்டோம்.

அடுத்த நாளே ஃபேனை டைமரிலிருந்து பிரித்தேன். சுவர் வேர்ப்பது நின்றது. ஆனாலும் ஒரு மாதம் கழித்துத் தக்காளிக்கு நடுவில், இலை அடர்ந்த இடத்தில், அடியிலைகள் மஞ்சளாகிப் பூசணம் பிடித்தது. அங்கேதான் இரண்டாவது பாடம் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் சுத்தமாக இல்லாத விஷயம் இது: காற்றை மாற்றுவது ஒரு வேலை, காற்றை அசைப்பது வேறு வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே வழியாகப் பழைய காற்றை இழுக்கிறது, கீழ்த் துளை வழியாகப் புதுக் காற்று வருகிறது. அந்தக் காற்று தனக்கு எது சுலபமோ அந்த வழியில்தான் போகும். செடிக்கு நடுவில் நுழைந்து போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஒரு பெரிய ஹாலில் எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓடும், மூலை நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் புழுங்கும். அதேதான்.

இலையின் மேல் ஒட்டினாற்போல அசையாத காற்றுப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. காற்று தேங்கினால் அது சில மில்லிமீட்டர் வரை தடிக்கும். இலைத்துளைக்குள் போக வேண்டிய கரியமில வாயுவும் வெளியே வர வேண்டிய நீராவியும் இந்தப் படலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வெளிக் காற்றிலேயே கரியமில வாயு பத்தாயிரம் பங்குக்கு நாலு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. மூடின கூடாரத்தில், பளிச்சென்ற விளக்கில், செடிகள் அதை இழுத்துக்கொண்டே போனால் இன்னும் இறங்கிவிடும். பிறகு எத்தனை வாட் விளக்குப் போட்டாலும் செடிக்குப் பயன் கம்மி. இலை மெல்ல அசைந்தால் அந்தப் படலம் மெலிகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

சுண்ணாம்புச் சத்து விஷயமும் இதோடு சேர்ந்தது. கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலே ஏறுவது. இலை நீரை விட்டால்தான் அந்த ஓட்டம் நடக்கும். லெட்யூஸ் மாதிரிக் கீரையில் நடுக்குருத்து இலைகளுக்குக் காற்றுப் படாமல் போனால், மண்ணில் கால்சியம் தேவையான அளவு இருந்தும் குருத்தின் விளிம்பு கருகும். பார்ப்பவர்கள் உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுவார்கள்.

ஃபேன் வைத்த விதத்தைச் சொல்கிறேன். 15 சென்டிமீட்டர் கிளிப் ஃபேன் இரண்டு. ஒன்று செடிகளின் தலைமட்டத்துக்குச் சற்று மேலே, இன்னொன்று எதிர் மூலையில் இலைகளுக்குக் கீழே. இரண்டையும் செடியைப் பார்த்து வைக்கவில்லை, சுவரைப் பார்த்து வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் காற்று கூடாரத்துக்குள் சுற்றி வருகிறது. முதலில் ஆசையில் ஒரு ஃபேனைக் குடைமிளகாய்க்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். ஐந்தே நாளில் அந்தப் பக்கத்து இலைகள் மட்டும் நகம்போலக் கீழே வளைந்து, ஓரம் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டன. இலை நடுங்க வேண்டும், படபடவென்று அடித்துக்கொள்ளக் கூடாது.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க மீட்டர் ஒன்றும் வேண்டாம். மனைவி தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, விரல் நீளத்துக்கு வெட்டி, குச்சிகளில் கட்டி 12 இடத்தில் செருகினாள். ஒன்பது நூல் ஆடின. மூன்று, தக்காளிக்கு நடுவில் இருந்தவை, செங்குத்தாக அசையாமல் தொங்கின. பூசணம் பிடித்த இடமும் அதுதான். தக்காளியின் அடியிலைகளை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம் வரை கிள்ளி எடுத்தோம். தொட்டிகளை நாலு விரல் தள்ளி வைத்தோம். மறுநாள் 12 நூலும் ஆடின. அந்த நூல்களை இன்றுவரை எடுக்கவில்லை. செடி வளர வளரக் காற்றின் வழி மாறும், வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.

நோய் கண்ட இலையைக் கிள்ளும்போது மட்டும் ஃபேனை நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பூசண வித்தை நாமே கூடாரம் முழுக்கத் தூவியது போலாகும். இலைமேல் வெள்ளைப் பொடி தூவினாற்போலப் படியும் சாம்பல் நோய்க்கு இலையில் ஈரம்கூட வேண்டாம், அதன் வித்து காற்றிலேயே பரவும். வந்துவிட்ட நோயைக் காற்று குணப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி எக்ஸாஸ்ட். கட்டுரையோடு வந்த படத்தில் ஃபேனின் வாய் அதே மூடிய அறைக்குள்ளேயே திறந்திருக்கிறது. எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வெளியே தள்ளின சூடும் ஈரமும் அரை மணியில் கீழ்த் துளை வழியாக மறுபடி உள்ளே வந்துவிடும். குழாயை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் அறைக் கதவையாவது திறந்து வைக்க வேண்டும். எங்கள் கூடாரத்தின் கொள்ளளவு 2.88 கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு தடவை காற்று மாற வேண்டுமானால் மணிக்கு 173 கன மீட்டர் இழுக்கிற ஃபேன் வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி அதே அளவு வாங்காதீர்கள். அந்த எண் குழாயும், வாடையை உறிஞ்சும் கார்பன் ஃபில்டரும் இல்லாமல் அளந்தது. ஒவ்வொரு வளைவும் காற்றைத் தின்னும், சுருங்கிக் கிடக்கும் ஃப்ளெக்ஸிபிள் டக்ட் அதைவிட அதிகம் தின்னும். குழாயை இழுத்து நேராக்கி, மிஞ்சினதை வெட்டிவிடுங்கள். ஃபேனை ஒரு அளவு பெரியதாக எடுத்து வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நல்லது, சத்தமும் குறையும்.

ஃபேன் ஓடும்போது கூடாரச் சுவர் லேசாக உள்பக்கம் ஒட்டி நின்றால் எல்லாம் சரி. மிக அதிகமாக ஒட்டினால் காற்று உள்ளே வரும் வழி போதவில்லை. எங்களுக்கு ஆறாம் மாதம் அப்படி ஆனது. கீழ்த் துளையின் வலையில் தூசி பஞ்சு மாதிரி படிந்து அடைத்திருந்தது. கழுவி மாட்டினதும் சுவர் தளர்ந்தது. மின்வயரை ஃபேனுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றி பிளக்கில் கொடுங்கள். நீர் வழிந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

நண்பர் ஒருவர், கண்ணாடிக் குடுவையில் அடைத்த செடி காற்றே இல்லாமல் வருடக்கணக்கில் வாழ்கிறதே என்று கேட்டார். உண்மைதான். லண்டன் மருத்துவர் நத்தேனியல் வார்ட் 1829-இல் மூடின குடுவைக்குள் பெரணி தானாக முளைத்ததைக் கண்டார். பிறகு அந்த முறையிலேயே கண்ணாடிப் பெட்டியில் செடிகள் கப்பலேறிக் கடல் கடந்தன. ஆனால் பெரணி மங்கலான வெளிச்சத்தில் மெதுவாக வளர்கிற, ஈரத்தை விரும்பும் செடி. உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்ற பயணம் அது. 240 வாட் விளக்கின் கீழ் காய்க்க வேண்டிய தக்காளியை அதோடு ஒப்பிடக் கூடாது.

மறுபடி நாற்று விட்டபோது ஒரே பாக்கெட் விதையை இரண்டு தட்டில் போட்டோம். ஒன்று காற்று வரும் பக்கம், இன்னொன்று அட்டை மறைப்புக்குப் பின்னால். மூன்றாம் வாரம் மறைவில் இருந்தவை உயரமாக, வெளுத்து, தொட்டால் சாய்கிற மாதிரி இருந்தன. காற்றில் இருந்தவை இரண்டு விரல் குட்டை, ஆனால் தண்டு உறுதி. தொடுதலும் அசைவும் செடியை இப்படிக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்குவதற்கு மார்க் ஜாஃபே என்ற ஆய்வாளர் 1973-இல் தனிப் பெயரே வைத்திருக்கிறார். தொட்டிக்கு மாற்றியபோது காற்றில் வளர்ந்த தட்டில் ஒரு நாற்றுகூடச் சாகவில்லை. இப்போது அவை பூவில் நிற்கின்றன. காலையில் மனைவி ஒவ்வொரு பூங்கொத்தையும் விரலால் மெல்லத் தட்டிவிடுகிறாள், மகரந்தம் உதிர ஃபேன் காற்றை மட்டும் நம்ப முடியாது.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் இந்நேரம் கூடாரம் வாங்கியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் இன்றைக்கு ராத்திரியும் அந்த டைமர் விளக்கோடு ஃபேனையும் அணைக்கும். தயவுசெய்து அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் படத்தில் குழாய் ஜன்னலுக்கு வெளியே போவதுபோல மாற்றினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏ.சி. மெக்கானிக் ஒருவர்,
நெடுநாள் வாசகர்