ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணோடு தயாரிப்பு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்காக உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். விசா, கல்விக்கடன், எந்தப் படிப்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்று எல்லாம் வருகிறது, நல்லது. ஆனால் அங்கே போய் உட்கார்ந்த பிறகு என்ன படிக்க வேண்டியிருக்கும், எதை எப்படி எழுத வேண்டியிருக்கும் என்பது பற்றி ஏறக்குறைய யாருமே பேசுவதில்லை. மேற்படிப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்விசார் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடே எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸின் எழுத்துத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடம், 2 கேள்விகள். ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரித்து 150 சொற்கள், பொதுவான ஒரு தலைப்பில் 250 சொற்கள், அவ்வளவுதான். முன்கூட்டி எதையும் படிக்க வேண்டாம், சொல்வதற்கு ஆதாரம் காட்டவும் வேண்டாம். தேர்வைக் குறை சொல்லவில்லை, அது மொழித்திறனை அளக்கிறது, ஆராய்ச்சித் திறனை அளப்பதாக அது எங்கேயும் சொல்லிக்கொண்டதே இல்லை. நாம்தான் அதில் 7 பேண்ட் என்ற மதிப்பெண் வாங்கிவிட்டால் படிப்புக்கே தயாராகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். போன பிறகு எழுத வேண்டிய ஆய்வேடோ பல துறைகளில் 10,000 முதல் 15,000 சொற்கள் வரை போகும், அதில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் இதை எங்கிருந்து எடுத்தாய், இதற்கு மாறாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்ற கேள்வி நிற்கும். கோச்சிங் சென்டர் டெம்ப்ளேட் அங்கே முதல் பக்கத்தைக்கூடத் தாண்டாது.

பிரிட்டனில் ஒரு முதுகலைப் படிப்பு 180 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு. ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக மொத்தம் 1,800 மணி நேரம். அதில் வகுப்பில் உட்காரும் நேரம் சிறு பகுதிதான், மீதி எல்லாம் நீங்களாகப் படிக்க வேண்டியது, நீங்களாக எழுத வேண்டியது. முழுநேரப் படிப்பென்றால் பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்பதால் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பழகி முடிப்பதற்குள் முதல் அரையாண்டு போய்விடுகிறது.

நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இலக்கணம் அல்ல, வாசிப்பு. ஒரு ஜர்னல் கட்டுரையை, அதாவது ஆய்விதழில் வந்த கட்டுரையை, பாடப்புத்தகம் போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அடிக்கோடு போட்டுக்கொண்டே படிப்பார்கள், முடிவில் பக்கம் முழுக்க மஞ்சளாகியிருக்கும், கட்டுரை என்ன சொல்கிறது என்று கேட்டால் தலைப்பைத் திருப்பிச் சொல்வார்கள். கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, பிறகு எத்தனை பேரிடம், எந்த முறையில் ஆய்வு செய்தார்கள் என்ற பகுதி. அப்போதும் அது உங்கள் கேள்விக்கு உதவும் என்று பட்டால்தான் முழுதாக. இப்படிச் சலித்தெடுக்கத் தெரியாதவர் வாரத்துக்கு எட்டு, பத்துக் கட்டுரைகளைக் கொடுத்தால் மூச்சுத் திணறிப் போவார், ஆங்கிலம் எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி.

இதனாலேயே லிட்டரேச்சர் ரிவ்யூவும், அதாவது அந்தத் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளை அலசும் பகுதியும், சறுக்குகிறது. இன்னார் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அப்படிச் சொன்னார் என்று பத்தி பத்தியாக வரிசை கட்டிவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள், எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள், ஏன் முட்டிக்கொள்கிறார்கள் என்று பிரித்துக் காட்டுவதுதான் வேலை. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரை எப்படி நகர்கிறது என்பதை ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990இல் மூன்று படிகளாக விளக்கினார்: இந்தத் துறை ஏன் முக்கியம் என்று காட்டுவது, அதில் இன்னும் பதில் கிடைக்காத இடத்தைச் சுட்டுவது, அந்த இடத்தில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வது. கேட்க எளிதாக இருக்கிறது. நடுவில் உள்ள படியில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் மற்றவர்களைப் படிக்காமல் அந்த இடைவெளி கண்ணில் படவே படாது.

சொற்கள் விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, கடினமான சொல்லாகப் போட்டால் கல்விசார் நடை வந்துவிடும் என்று. நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இருப்பது 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), அவையே கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் சுமார் 10 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன. அவற்றைச் சரியான இடத்தில் போடத் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம் அடக்கம். 40 பேரிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதினால் எந்தப் பேராசிரியரும் பேனாவை எடுத்துவிடுவார்.

அடுத்தது காப்பி விவகாரம். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்ற முறையில் வளர்ந்த பிள்ளையிடம் போய் இது திருட்டு என்றால் அவன் திகைத்துத்தான் போவான். மாணவர் எழுத்தை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருள் காட்டும் சதவீதம் திருட்டின் அளவு இல்லை, வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மட்டுமே, அதைப் பார்த்து முடிவு செய்வது மனிதர்கள். அது தெரியாமல் அந்த எண்ணைக் குறைக்க வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள், அதுவும் குற்றத்தில்தான் சேரும். படித்ததை மூடி வைத்துவிட்டு, புரிந்ததைச் சொந்தமாக எழுதி, பிறகு மூலத்தைத் திறந்து சரிபார்த்து, அங்கேயே யாருடையது என்று குறிப்பிடுவதுதான் வழி. மேற்கோள் விவரங்களைச் சேர்த்து வைக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் 2006 முதலே இருக்கிறது, முதல் நாளிலேயே பழகிக்கொள்ளலாம்.

சாட்ஜிபிடியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. உண்மையில் இல்லாத ஒரு கட்டுரைக்கு அது சில சமயம் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாகக் கொடுத்துவிடும், நம்பி எழுதினால் அகப்பட்டுக்கொள்வீர்கள். இன்னொரு பக்கம், நேர்மையாக எழுதியவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதப்பட்ட 91 கட்டுரைகளை, இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் பல கருவிகளில் போட்டுப் பார்த்தபோது சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் காட்டப்பட்டன. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு இது நேரடியான பாதிப்பு. அதனால் குறிப்புகள், முதல் வரைவு, திருத்திய வரைவு எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் எடுத்து ஆய்வு செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும் என்பதும் பலருக்கு ஆய்வேடு எழுதும் கோடை வந்த பிறகுதான் தெரிகிறது. அனுமதிக்கு முன் எடுத்த தரவு கையில் இருந்தும் பயனில்லை.

பல்கலைக்கழகங்களையும் விட்டுவிட முடியாது. உள்நாட்டு மாணவரைவிட அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மொழி உதவியை விருப்பம் இருந்தால் வா என்ற அளவில் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. அதிலும் சட்டம் படிப்பவரையும் பொறியியல் படிப்பவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஒரே கட்டுரையை எழுதச் சொல்வது எனக்குப் புரியவே இல்லை. உளவியலில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், பொறியியலில் எண், பிரிட்டிஷ் சட்டத்துறையில் அடிக்குறிப்பு என்று மேற்கோள் முறையே துறைக்குத் துறை மாறும்போது, வாதம் செய்யும் முறை மாறாமலா இருக்கும்? படிப்பு தொடங்கும் முன் நடக்கும் ப்ரீ-செஷனல் வகுப்புகளை மதிப்பெண் குறைந்தவர்களுக்கான தண்டனை மாதிரி பார்ப்பதும் மாற வேண்டும். செலவு ஒத்துவந்தால் 7.5 வாங்கியவரும் போகலாம்.

அந்த வகுப்புகளுக்குப் போக முடியாதவர்கள் அனுமதிக் கடிதம் வந்ததற்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். உங்கள் துறையில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எட்டு, பத்துக் கட்டுரைகளைத் தேடி, அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பின்தொடர்ந்து, 1,500 சொற்களில் ஒரு லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதிப் பாருங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் என்ற கல்விசார் எழுத்துக்கான மாதிரித் தொடர்களின் தொகுப்பு இணையத்தில் இலவசம், வாக்கியம் தடுமாறும் இடத்தில் கைகொடுக்கும். எழுதியதைத் துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சிவப்பு மையில் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, இலவசமாகக் கிடைக்கும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து அதை எப்படிப் படிப்பது, எதைக் கேள்வி கேட்பது, எப்படி மேற்கோள் காட்டுவது என்று துறை அறிந்த ஒருவரைக் கொண்டு தமிழிலேயே விளக்கி வெளியிடுங்களேன். முதலில் ஏதாவது அறிவியல் கட்டுரை, அடுத்த மாதம் சமூகவியல், அப்புறம் சட்டம் என்று மாற்றி மாற்றிப் போடலாம்.

இப்படிக்கு,
கல்விசார் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகர்