பொருள்: என் அஃபிலியேட் லிங்க்குகளிலிருந்து டேக் நீக்கப்பட்டு கமிஷன் போனது குறித்து

24 அக்டோபர் 2025, சென்னை

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், பெரம்பூர், சென்னை
பெறுநர்: குறைதீர் அலுவலர், லிங்க் பாதுகாப்பு ப்ளக்இன் நிறுவனம்

அன்புடையீர், வணக்கம்.

மிக்ஸி, கிரைண்டர், இன்வெர்ட்டர் என்று வீட்டுச் சாமான்களைப் பயன்படுத்திப் பார்த்துத் தமிழில் எழுதும் தளம் ஒன்றைப் பெரம்பூரில் என் வீட்டிலிருந்தே நடத்துகிறேன். நான் ஒருத்திதான், வேறு ஆள் கிடையாது. வருமானம் அமேசான் அஃபிலியேட் கமிஷன் மட்டும்தான், அதாவது என் லிங்க்கைத் தட்டிப் போய் யாராவது பொருள் வாங்கினால் கடை தரும் பங்கு. கடந்த ஜூலையில் ஜிஎஸ்டி சேர்த்து 6,490 ரூபாய் கட்டி தளத்தின் லிங்க்குகளைக் கவனித்துக்கொள்ளும் துணை மென்பொருளான உங்கள் ப்ளக்இன் சந்தாவைப் புதுப்பித்தேன். லிங்க் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல. தளத்தில் 600-க்கும் மேல் லிங்க் இருக்கிறது. ஒரு மாடல் கடையில் தீர்ந்துபோனால் எச்சரிக்கை வர வேண்டும், ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாக் கட்டுரையிலும் மாற வேண்டும். இதற்குத்தான் வாங்கினேன். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது, அதை மறைக்கவில்லை.

அக்டோபர் 14-ஆம் தேதி மாலை எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டார். "உன் லிங்க்லதாம்மா கிரைண்டர் போட்டேன், ஞாயித்துக்கிழமையே வந்துடுச்சு. உனக்கும் ஏதாவது கிடைச்சிருக்கும்ல?" என்றார். என் ரிப்போர்ட்டில் கிரைண்டரே இல்லை. அவர் போனை வாங்கி, அவர் வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து என் கட்டுரையில் இருந்த லிங்க்கைத் தட்டினேன். பக்கத்தில் அந்தப் புது கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பக்கம் சரியாகவே திறந்தது. முகவரியை விரலால் கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். பொருளின் எண்ணோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கேள்விக்குறியும், 21 என்று முடியும் என் டேக்கும் (வாங்குபவரை அனுப்பியது நான்தான் என்று கடைக்குச் சொல்லும் அடையாளம்) இல்லை. வேறொரு மாடலைத் தட்டினேன், அதிலும் இல்லை.

அன்று இரவு உங்கள் செட்டிங்ஸைக் குடைந்ததில் காரணம் கிடைத்தது. 6-ஆம் தேதி இரவு தானாக ஏறிய அப்டேட்டில் 'லிங்க்கைச் சுத்தம் செய்' என்று புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது. என்னைக் கேட்காமலே அதை ஆன் செய்தும் வைத்திருக்கிறீர்கள். அது கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் குப்பை என்று கத்தரித்துவிடுகிறது. அஃபிலியேட் லிங்க்கில் காசு இருப்பதே அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால்தான். இது தெரியாத யாரோ உங்கள் அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்திருக்கிறார். நான் அதை உடனே ஆஃப் செய்தேன்.

இந்த 8 நாளும் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் டாஷ்போர்டு கிளிக் எண்ணிக்கையை அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது, 2,317 கிளிக். கடைத் தரப்பு ரிப்போர்ட்டோ ஓரிரு நாள் பின்தங்கித்தான் வரும், பொருள் அனுப்பப்பட்ட பிறகுதான் கமிஷன் ஏறும். தீபாவளி நெரிசலில் தாமதமாகிறது போல என்று இருந்துவிட்டேன்.

டிக்கெட் போட்டேன். 15-ஆம் தேதி வந்த முதல் பதில், 'பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்', அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பதிவுகளைத் துடைக்கச் சொல்வது. 17-ஆம் தேதி ஒரு நீண்ட கட்டுரையையே ஒட்டி அனுப்பினீர்கள்: ஐபோன் பிரவுசரான சஃபாரி குக்கீயை (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பு) தடுக்கிறது, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூப்பன் எக்ஸ்டென்ஷன்கள் கமிஷனைத் தட்டிப் பறிக்கின்றன, உலகம் முழுவதும் இதுதான் நிலை. 22-ஆம் தேதி டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள்.

சஃபாரி 2017 முதலே பிற தளங்களின் குக்கீயை மட்டுப்படுத்திவருவது எனக்கும் தெரியும். வாங்குகிற கடைசி நொடியில் சில எக்ஸ்டென்ஷன்கள் தங்கள் டேக்கைச் செருகிக்கொள்வதும், அதைத் தடுக்க கூகுள் 2025 மார்ச்சில் குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை இறுக்கியதும் தெரியும். ஆனால் என் வாசகர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்திருப்பவர்கள். அதில் எக்ஸ்டென்ஷனே ஓடாது. இன்னொன்று, அதே 8 நாளில் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் ப்ளக்இன் வழியாகப் போகாமல் நான் கையால் ஒட்டிய நேரடி லிங்க்குகளில் 3 ஆர்டர் வந்திருக்கிறது. ப்ளக்இன் வழியாகப் போன 2,317 கிளிக்கில் ஒன்றுகூட இல்லை. அதே மாதிரி ஆட்கள், அதே மாதிரி போன்கள், அதே கடை. இதற்கு சஃபாரி என்ன செய்யும்? (இந்தப் பயங்களைச் சொல்லித்தான் உங்கள் விளம்பரமே என்னிடம் சந்தா வாங்கியது என்பது வேறு.)

கேஷ் விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் சேதம் இன்னும் நிற்கவில்லை. உங்கள் ரீடைரக்ட் (லிங்க்கைத் தட்டியவரைக் கடைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது) எல்லாம் 301 வகை. அப்படியென்றால் 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று பிரவுசருக்குச் சொல்வது. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்களைக் கேட்காமலே டேக் இல்லாத முகவரிக்குப் போய்விடும். கிளிக் கணக்கிலும் வராது. நான் செட்டிங்கைச் சரிசெய்த பிறகும், அந்த 8 நாளில் வந்தவர்கள் அதே லிங்க்கைத் திரும்பத் தொட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. என் போனில் கேஷை அழிக்கலாம், சரி. தஞ்சாவூரிலும் துபாயிலும் இருக்கும் வாசகர்களுக்கு நான் எப்படிப் போய்ச் சொல்வது, "உங்கள் பிரவுசரைத் துடைத்துவிட்டு வாருங்கள், எனக்குக் கமிஷன் வரணும்" என்றா?

போனதைத் திரும்பப் பிடிக்கவும் வழியில்லை. கமிஷன் கிடைக்க, கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும், அல்லது கூடையிலாவது போட்டிருக்க வேண்டும். டேக் இல்லாமல் போனவர் யார் அனுப்பி வந்தார் என்பது கடைக்கே தெரியாது.

போன வருடத் தீபாவளி சமயத்தில் என் தளத்தில் நூறு கிளிக்குக்கு மூன்று ஆர்டர் விழுந்தது, ஆர்டருக்குச் சராசரியாக 200 ரூபாய் கமிஷன். அந்தக் கணக்கில் இந்த முறை சுமார் 70 ஆர்டர், 14,000 ரூபாய் போயிருக்கிறது. அவ்வளவும் வந்தே இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதனால்தான் அக்டோபர் 6 முதல் 14 வரை டேக் இல்லாமல் போன கிளிக்குகளின் முழுப் பதிவை முதலில் கேட்கிறேன். அதை வைத்து இழப்பீட்டைப் பேசலாம். சந்தாத் தொகை 6,490 ரூபாயைத் திருப்பித் தர அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்புறம், பழைய முகவரி வாசகர்களின் பிரவுசரில் பதிந்துவிட்டதால், என் லிங்க்குகள் அனைத்தையும் புதிய பாதைக்கு மாற்றி, 301-ஐத் தற்காலிக ரீடைரக்டாக ஆக்கும் வேலையை உங்கள் ஆட்களே செய்து தர வேண்டும். 600 லிங்க்கையும் நானே உட்கார்ந்து மாற்றத் தயாரில்லை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அதன் பிறகு நுகர்வோர் ஆணையம். நான் வியாபாரத்துக்கு வாங்கியவள், நுகர்வோர் இல்லை என்று வாதாட நினைத்தால், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பதிலில் கேஷ் அழிக்கும் முறை வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: டாஷ்போர்டு, கமிஷன் ரிப்போர்ட், எதிர் வீட்டு அக்கா போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் (அவர் சம்மதத்துடன்)